கோடே இல்லாத பையன்

பிரெஞ்சு ஓவியர் ஜார்ஜ் சேரா என்றால் புள்ளி வைத்துப் படம் போட்டவர் என்றுதான் எனக்கும் ரொம்ப நாளாகத் தெரியும். (பெயரை எழுதும்போது கடைசியில் ஒரு ‘ட்’ வரும், பிரெஞ்சுக்காரர்கள் அதை உச்சரிப்பதில்லை.) அந்தப் புள்ளிகள் மேல் எனக்குப் பெரிய மோகமும் கிடையாது. போன வாரம் யேல் பல்கலைக்கழக ஓவியக்கூடத்தில் இருக்கும் அவருடைய கறுப்பு வெள்ளைப் படம் ஒன்று இணையத்தில் கண்ணில் பட்டது, அன்று ராத்திரி வேறு வேலையே ஓடவில்லை.

வைக்கோல் தொப்பி போட்ட ஒரு பையன் காலை மடக்கிப் பக்கவாட்டில் உட்கார்ந்திருக்கிறான். அவ்வளவுதான் படம். ‘அனியேரில் குளிப்பவர்கள்’ (அனியேர், பாரிஸ் பக்கத்து ஆற்றங்கரை ஊர்) என்ற பெரிய ஓவியத்துக்காக 1883-84 வாக்கில் முன்கூட்டி வரைந்து பார்த்தது. பெரிதாக்கிப் பார்த்தேன், முதுகு எங்கே முடிகிறது என்று காட்ட ஒரு கோடு கிடையாது. உடம்பில் வெளிச்சம் விழும் இடத்தில் பின்னணியைக் கொஞ்சம் இருட்டாக்குகிறார், உடம்பு இருட்டும் இடத்தில் பின்னணியை வெளுக்க விடுகிறார், அந்த இரண்டும் உரசிக்கொள்ளும் இடம்தான் பையன்.

இதில் பாதி வேலை தாளுடையது. மிஷாலே என்ற சொரசொரப்பான தாள், அதன் மேல் கோன்டே கிரேயான் என்ற கறுப்பு வரைகுச்சி. லேசாகத் தேய்த்தால் தாளின் மேடுகளில் மட்டும் கறுப்பு ஒட்டும், பள்ளங்கள் வெள்ளையாகவே நிற்கும். அழுத்தினால் பள்ளமும் நிரம்பிவிடும். அதாவது வெள்ளையை அவர் எங்கும் பூசவில்லை, விட்டுவைத்திருக்கிறார். சரி, நாமும் பார்ப்போமே என்று கடையில் கிடைத்த சொரசொரப்புத் தாளில் ஒரு சொம்பை வரைந்து பார்த்தேன். பத்து நிமிஷத்தில் அடுப்புக்கரி கொட்டிய மாதிரி ஆகிவிட்டது. கை எப்போது நிற்க வேண்டும் என்பதுதான் வரவில்லை.

அவருக்கு அது சும்மா வந்துவிடவில்லை. 1859-இல் பாரிஸில் பிறந்தவர், எகோல் தெ போசார் கலைப்பள்ளியில் ஆங்கர் என்ற பழைய ஓவியரின் சீடரான ஆன்ரி லேமானிடம் படித்தார். ஆங்கர் வழி என்றால் எல்லாம் கோடுதான், கத்தி மாதிரி கோடு. அதைக் கற்றுக்கொண்டவர்தான் கோட்டையே தூக்கிப் போட்டார்! பிரெஸ்ட்டில் ராணுவ சேவை முடித்துத் திரும்பியதும் இரண்டு வருஷம் பெரும்பாலும் கறுப்பு வெள்ளையிலேயே கிடந்தார். 1883-இல் பாரிஸ் சலோன் கண்காட்சியில் முதலில் ஏறியதும் ஒரு வரைபடம்தான், நண்பர் அமான்-ஜானின் உருவம்.

அப்புறம்தான் ‘குளிப்பவர்கள்’. சுமார் 2 மீட்டர் உயரம், 3 மீட்டர் அகலம். அதற்காகச் சின்ன மரப்பலகைகளில் பத்துக்கும் மேற்பட்ட வண்ண முயற்சிகள், ஆற்றங்கரையிலேயே போட்டுப் பார்த்தவை. ஆட்களை மட்டும் தனியே ஸ்டூடியோவில் உட்கார வைத்து கோன்டேயில் வரைந்திருக்கிறார். 1884-இல் சலோன் அதை வேண்டாம் என்றுவிட்டது. சலோனால் தள்ளப்பட்டவர்கள் சேர்ந்து நடத்திய கண்காட்சியில் இடம் கிடைத்தது, அதுவும் மது பார் இருந்த பக்கத்தில் மாட்டினார்களாம். இன்று லண்டன் நேஷனல் கேலரியில் இருக்கிறது.

புள்ளிகளால் பேர் வாங்கிய ‘கிராந்த் ஜாத்’ ஓவியம் அதற்குப் பிறகு, இரண்டு வருஷ உழைப்பு. 1891 மார்ச்சில் அவர் சாகும்போது வயது 31, ‘சர்க்கஸ்’ ஓவியம் முடியாமல் நின்றது. 1887 வாக்கில் பழைய ‘குளிப்பவர்கள்’ படத்துக்கே திரும்பிப் போய், தண்ணீரில் நிற்கும் இன்னொரு பையனின் ஆரஞ்சுத் தொப்பியில் புள்ளிகள் வைத்தார். எனக்கு அது ஒட்டவே இல்லை, புதுச் சட்டைக்குப் போட்ட ஒட்டு மாதிரி இருக்கிறது. திட்டுபவர்கள் திட்டலாம்.

யேல் படத்தை மறுபடி திறந்து பையனின் கண்ணைத் தேடினேன். தொப்பி விளிம்புக்குக் கீழே முகம் முழுக்க நிழல், பெரிதாக்கப் பெரிதாக்கத் தாளின் சொரசொரப்புதான் வந்தது.