பழைய பிக்கப்பின் உள்பக்க பெயிண்ட்: சிலிக்கோன், ஷேடு, எர்த்

என் பழைய பிக்கப் வண்டியின் உள்பக்க பெயிண்ட் வேலை முடிந்துவிட்டது, நன்றாகவும் வந்திருக்கிறது. ஆனால் ஸ்ப்ரே கன்னைக் கையில் பிடித்த நேரம் மொத்த வேலையில் சொற்பம். மீதி நேரமெல்லாம், எனக்கு முன்னால் இந்த வண்டியை வைத்திருந்தவர்கள் அந்தத் தகரத்தின் மேல் என்னென்ன தடவியிருந்தார்கள் என்று கண்டுபிடிப்பதிலேயே போனது.

அந்தக் காலத்து பிக்கப்களில் பெரும்பாலும் மெத்தை வைத்த டேஷ்போர்டு கிடையாது. டேஷ், தூண், கதவின் உள்சட்டம் எல்லாமே பெயிண்ட் அடித்த தகரம்தான். அதனால் உள்பக்க பெயிண்ட் என்றாலும் முழு பாடி பெயிண்ட் வேலைதான். கை நுழையாத இடங்கள் கூடுதல்.

பேட்டரி ஒயரைக் கழற்றி, சீட், ஸ்டீரிங், மீட்டர், குமிழ் எல்லாவற்றையும் இறக்கினேன். ஒவ்வொரு ஒயரிலும் சீட்டு ஒட்டி, போட்டோ எடுத்து வைத்துக்கொண்டால் இதில் பெரிய சிக்கல் இல்லை. முன்கண்ணாடியைக் கழற்ற வேண்டுமா என்று கேட்டால், கண்டிப்பாகக் கழற்றுங்கள் என்பேன். ரப்பர் இறுகிப்போயிருந்தால் உளியால் நெம்பாமல், கத்தியால் அறுத்துவிட்டு புதுசு போடுவது மேல்; கண்ணாடி பிழைக்கும். என் வண்டியில் ரப்பருக்குக் கீழே இருந்த பள்ளம் முழுக்கத் துரு. மழைத்தண்ணீர் இறங்கி வெளியே தெரியாமலே தின்றிருக்கிறது. கண்ணாடியை விட்டுவிட்டு அடித்திருந்தால், புது பெயிண்ட் ரப்பரின் ஓரத்திலிருந்தே உரிய ஆரம்பித்திருக்கும்.

அடுத்தது தின்னர் சோதனை. வெளியே தெரியாத ஒரு மூலையில், லேக்கர் தின்னர் நனைத்த துணியைக் கொஞ்ச நேரம் வைத்துப் பாருங்கள். பெயிண்ட் கரைந்து துணியில் ஏறினால் பழைய லேக்கர். சுருங்கிப் பொங்கினால் எனாமல். ஒன்றுமே ஆகவில்லை என்றால் ஹார்டனர் (பெயிண்டை இறுக வைக்கும் மருந்து) கலந்து அடித்த பெயிண்டாக இருக்கலாம். எனக்கு டேஷின் மேற்பரப்பு பொங்கியது. கம்பெனி பெயிண்டின் மேல் யாரோ பிரஷ்ஷால் எனாமல் பூசிவிட்டிருக்கிறார்கள். இப்படி இருக்கும் பரப்பில் புது பெயிண்டை ஏற்றினால், அதில் உள்ள தின்னர் அடியில் இருப்பதைக் கிளப்பிவிடும். தகரம் தெரியும்வரை எடுப்பதுதான் ஒரே வழி.

பெயிண்ட் ரிமூவர் சுலபம்தான், ஆனால் தகரங்கள் சேரும் மடிப்புகளில் படவே கூடாது. உள்ளே தங்கியது பின்னால் மெல்லக் கசிந்து, அடித்த பெயிண்டைத் தூக்கும். மடிப்புகளில் நான் உப்புத்தாளும் கம்பி பிரஷ்ஷும்தான் வைத்தேன். பழைய பெயிண்டில், அதிலும் மஞ்சள், சிவப்பு வகைகளில், ஈயம் இருக்க வாய்ப்புண்டு. காய்ந்த தூள் பறக்காமல் வாட்டர் பேப்பர் போட்டு ஈரமாகவே தேயுங்கள். 80ஆம் நம்பர் தாளில் தொடங்கி 180, 320 என்று போய் (நம்பர் கூடக் கூடத் தாள் மென்மை), டாப் கோட்டுக்கு, அதாவது மேலே அடிக்கும் கடைசி பெயிண்டுக்கு, முன்னால் 400 அல்லது 600இல் முடித்தால் போதும்.

டேஷின் கீழ் உதட்டுப் பகுதியில் பழைய பெயிண்ட் கெட்டியாகவே இருந்தது, அதை எடுக்கவில்லை. அங்கேதான் வந்தது வினை. அடிப்பூச்சான எபாக்சி பிரைமர் முதல் கோட் விழுந்த கொஞ்ச நேரத்தில், ஆஷ்டிரே வாயைச் சுற்றிலும் கிளவ் பாக்ஸ் ஓரத்திலும் வட்ட வட்டமாகக் குழி விழுந்தது. பெயிண்டர்கள் ஃபிஷ் ஐ என்று சொல்வார்களே, அதேதான். காரணம் டேஷ்போர்டு பாலிஷ். பளபளவென்று இருக்க வேண்டும் என்று வருஷக்கணக்கில் யாரோ அதைத் தேய்த்திருக்கிறார்கள். அந்த மாதிரிப் பாலிஷ் பலவற்றில் சிலிக்கோன் உண்டு. அது இருக்கும் இடத்தில் பெயிண்ட் பரவாமல் விலகி ஓடும். பரப்பையெல்லாம் முன்னதாகவே கிரீஸ் ரிமூவரால் துடைத்திருந்தேன். மடிப்புக்குள் இறங்கியிருந்தது மட்டும் அப்படியே இருந்து, ஸ்ப்ரே காற்று பட்டதும் வெளியே வந்துவிட்டது.

கெமிக்கல் கடையில் கேட்டபோது, பெயிண்டோடு கலக்க ஒரு சொட்டு மருந்து இருக்கிறது, குழியே விழாது என்றார்கள். அதை வாங்காதீர்கள் என்பது என் கருத்து. அந்தச் சொட்டு மருந்தும் பெரும்பாலும் சிலிக்கோன்தான். ஒரு தடவை கலந்துவிட்டால் அடுத்த கோட்டுக்கும் கலக்க வேண்டும், ஸ்ப்ரே கன்னிலும் ஒட்டிக்கொள்ளும். பிரைமரை நன்றாக இறுக விட்டு, குழி மறையும்வரை தேய்த்து, மடிப்புக்குள் மெல்லிய துணியைச் செருகி இழுத்து இழுத்துத் துடைத்தேன். இரண்டு துணி முறைதான் சரி: கிரீஸ் ரிமூவரில் நனைத்த துணியால் ஒரு இழுப்பு, அது ஆவியாகும் முன்னால் காய்ந்த துணியால் ஒரு இழுப்பு. தானாகக் காய விட்டால் அழுக்கு அங்கேயே படியும். எந்தப் பழைய வண்டியாக இருந்தாலும் முதலில் துடைப்பு, அப்புறம் உப்புத்தாள். வரிசையை மாற்றினால் சிலிக்கோனை நாமே கீறல்களுக்குள் தேய்த்து ஏற்றிவிடுவோம்.

சரி, பிரைமர் ஒருவழியாகத் தேறியது. அடுத்த தலைவலி ஷேடு.

பெயிண்ட் கலக்கிக் கொடுக்கும் இடத்தில் இருந்தவர், நான் கொண்டுபோன கிளவ் பாக்ஸ் மூடியின் முன்பக்கத்தில் நிறம் படிக்கும் மெஷினை வைத்தார். அந்தப் பக்கம் வருஷக்கணக்கில் வெயில் தின்ற பக்கம். பின்பக்கம் படியுங்கள், அங்கேதான் மங்காத பெயிண்ட் இருக்கிறது என்று சொன்னேன். மெஷினுக்குத் தெரியும் சார் என்று பதில் வந்தது. டப்பாவைத் திறந்து மீட்டர் சட்டத்துக்கு அடியில் மறைந்திருந்த நிறத்தோடு ஒப்பிட்டால், இது வேறு, அது வேறு. திரும்பக் கொண்டுபோனால், உங்கள் வண்டிதான் மங்கிவிட்டது என்று எனக்கே பாடம். அதைத்தானே நானும் முதலில் சொன்னேன்! வேறு இடத்தில் மறைவான பகுதியை லேசாக பாலிஷ் செய்து படிக்க வைத்தபோது சரியாக வந்தது. வண்டியில் பெயிண்ட் நிற எண் குறித்திருக்கும் தகட்டை மட்டும் நம்பிப் போகாதீர்கள். வெளி பாடிக்கும் டேஷுக்கும் வேறு நிறமோ வேறு பளபளப்போ கொடுத்த வண்டிகள் நிறைய உண்டு.

பளபளப்பைப் பற்றி இன்னொன்று. டேஷின் மேற்பரப்பில் முழு கிளாஸ் வேண்டாம். வெயிலில் அப்படியே முன்கண்ணாடியில் பிரதிபலித்துக் கண்ணைக் கூசும். நான் பாதிப் பளபளப்பான சாட்டின் கேட்டேன். பளபளப்பைக் குறைக்கும் மேட் மருந்து டப்பாவின் அடியில் தங்கும் என்பதால், அடியைச் சுரண்டிக் கலக்காமல் ஊற்றக் கூடாது. கோட் ஈரமாக விழுந்தால் பளபளப்பு கூடும், காய்ந்தாற்போல் விழுந்தால் குறையும். அதனால் ஒரு பழைய தகரத்தில் அடித்துப் பார்த்து, கை வேகம் செட்டான பிறகே டேஷுக்குப் போனேன். சாட்டினில் தூசி உட்கார்ந்தால் பாலிஷ் போட்டுச் சரிசெய்ய முடியாது. தேய்த்த இடம் மட்டும் மினுங்கும். தரையை நனைத்து, காற்றை வடிகட்டி, தூசியை ஒட்டி எடுக்கும் டேக் துணியால் துடைத்துவிட்டு ஆரம்பியுங்கள்.

ஹார்டனர் கலக்கும் டாப் கோட் என்றால் முகமூடியில் கஞ்சத்தனம் கூடாது. அந்த ஹார்டனரில் ஐசோசயனேட் இருக்கிறது. மூக்குக்கு வாசனை தெரிவதற்கு முன்பே நுரையீரலில் கெடுதல் நடந்துவிடும். ஒரு தடவை ஒவ்வாமை பிடித்துவிட்டால், பின்னால் துளி பட்டாலும் ஆஸ்துமா மாதிரி இழுக்கும். கேபினுக்குள் தலையை நுழைத்து அடிக்க வேண்டிய வேலை இது. வெளியிலிருந்து குழாயில் காற்று வரும் முகமூடி வாடகைக்குக் கிடைத்தது, எடுத்துவிட்டேன்.

டாப் கோட் ஒரு தொல்லையும் தரவில்லை.

எல்லாம் மாட்டி, பேட்டரி கொடுத்து, சாவியைத் திருப்பினேன். பெட்ரோல் முள் அசையவில்லை. மீட்டர் விளக்குகள் எரியவில்லை. இண்டிகேட்டர் போட்டால் சம்பந்தமே இல்லாத இன்னொரு பல்பு மினுக் மினுக்கென்றது. ஃபியூஸைப் பார்த்தேன், ஒயரிங் படத்தை விரித்துப் பார்த்தேன், பழைய போட்டோக்களோடு ஒவ்வொரு ஒயரையும் ஒப்பிட்டேன். எல்லாம் சரியாகவே இருந்தது. கோளாறு கடைசியில் என் அழகான பெயிண்டில்தான். இந்த வண்டியில் மீட்டர்களுக்குத் தனி எர்த் ஒயர் (கரண்ட் பாடி வழியாக பேட்டரிக்குத் திரும்பும் வழி) கிடையாது. மீட்டர் கூடு தகர டேஷைத் தொடுவதுதான் எர்த். நடுவில் இப்போது பிரைமரும் டாப் கோட்டும் கனமாக உட்கார்ந்து வழியை அடைத்துவிட்டன.

வெளியே தெரியாத பின்பக்கத்தில், மீட்டர் திருகு உட்காரும் இடத்தை மட்டும் சுரண்டி, பல் வைத்த வாஷர் போட்டேன். அதோடு மீட்டர் கூட்டிலிருந்து பாடிக்குத் தனியாக ஒரு எர்த் ஒயரும் இழுத்தேன். சாவியைத் திருப்பியதும் முள் எழுந்து நின்றதைப் பார்த்து வாய்விட்டே கத்தினேன். நீங்கள் பெயிண்ட் அடிக்கும் முன்பே அந்த இடங்களில் மாஸ்கிங் டேப்பை வட்டமாக வெட்டி ஒட்டிவிடுங்கள். வைப்பர் ஸ்விட்ச், ஹெட்லைட் ஸ்விட்ச் உட்காரும் ஓட்டைகளையும் மறக்க வேண்டாம். சேசிஸ் எண் தகடு உள்ளே இருந்தால் அதையும் மூடுங்கள், அதன் ரிவெட்டைத் தொடாதீர்கள்.

கதவின் ரெக்ஸின் பலகைகளுக்கு இன்னும் கை வைக்கவில்லை. அதற்கு இந்த பெயிண்ட் ஆகாது, மடங்கினால் வெடிக்கும். வினைலுக்கென்றே வரும் வளையும் பூச்சு வேண்டும். அதிலும் எவ்வளவு பாலிஷ் ஊறிக் கிடக்கிறதோ, துணியை வைத்தால் இப்போதே வழுக்குகிறது. இந்தத் தடவை சோப்புத் தண்ணீரும் பிரஷ்ஷும் வைத்துத்தான் தொடங்கப்போகிறேன்.