பதினாறு பிக்சலுக்குள் ஒரு செக்கு

காங்கேயம் பக்கம் மரச்செக்கு எண்ணெய் ஆட்டி விற்கும் ஒருவருக்கு இணையதளம் செய்து கொடுத்தேன். தளம் பத்து நாளில் முடிந்துவிட்டது, லோகோவுக்குத்தான் ஒரு மாதம் ஆனது.

அவரிடம் ஏற்கெனவே ஒரு லோகோ இருந்தது, ஃபிளக்ஸ் அடிக்கும் கடையில் போட்டுக் கொடுத்தது. நடுவில் செக்கு, அதைச் சுற்றும் காங்கேயம் காளை, கீழே தேங்காய், நிலக்கடலை, எள்ளுப்பூ, மேலே வில்லாக வளைந்த கடைப்பெயர், எல்லாவற்றுக்கும் பின்னால் பொன்னிற ஒளிவட்டம். கடை வாசலில் பன்னிரண்டு அடி அகலத்தில் பார்த்தால் நன்றாகவே இருக்கும், அதைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. அதையே வாட்ஸ்அப்பில் ஜேபெக் படமாக அனுப்பி, "அப்படியே போட்டுருங்க அம்மிணி" என்றார். போட்டுக் காட்டினேன். செல்போனில் தளத்தின் தலைப்பட்டைக்கு ஒரு விரல் அகலம் உயரம் கிடைத்தாலே அதிகம், அதற்குள் காளை ஒரு பழுப்புத் திட்டாகவும் கடைப்பெயர் ஒரு கோடாகவும் தெரிந்தன. ஜேபெக்கில் பின்னணி இல்லாத படம் வராது என்பதால் பச்சைப் பட்டையின் மேல் ஒரு வெள்ளைக் கட்டம் வேறு.

லோகோவை நான் எப்போதும் சின்ன இடத்திலிருந்துதான் தொடங்குவேன். பிரவுசர் டேபின் ஓரத்தில் வரும் குட்டிப் படமான ஃபெவிகான் சாதாரணத் திரையில் 16க்கு 16 பிக்சல், ஆக மொத்தம் 256 புள்ளிகள். அங்கே பிழைக்கும் வடிவம் பலகையிலும் பிழைக்கும், பலகையில் அழகாக இருப்பது அங்கே பிழைக்கும் என்று சொல்ல முடியாது. முதலில் கறுப்பு வெள்ளையில் மட்டும் வரைவேன், ஏனென்றால் நிறம் வந்துவிட்டால் வடிவத்தில் இருக்கும் ஓட்டை கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும். ஸ்டேட் பாங்க் லோகோவைப் பாருங்கள், சேகர் காமத் 1971இல் வரைந்தது, நீல வட்டம், நடுவில் ஒரு சின்னத் துளை, அதிலிருந்து கீழே ஒரு கீற்று, அவ்வளவுதான். ஏடிஎம் பலகையிலும் செல்போன் ஆப்பிலும் ஒரே மாதிரி அடையாளம் தெரிகிறது. இணையம் வருவதற்கு எத்தனையோ வருடம் முன்பே போட்டது!

தமிழில் இன்னொரு சிக்கல் இருக்கிறது, இதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. 'எண்ணெய்' என்ற சொல்லைச் சின்னதாக்கிப் பாருங்கள். மூன்று சுழி ண இரண்டு முறை வருகிறது, சுழிகளுக்குள் இருக்கும் வெள்ளை இடம் முதலில் அடைபடும், அப்புறம் புள்ளி காணாமல் போகும். அதனால் தமிழ்ப் பெயரை லோகோவில் வைப்பதானால் சுழி அகலமாகத் திறந்திருக்கும் எழுத்துருவாகத் தேட வேண்டும், தடித்த எழுத்து கம்பீரமாக இருக்கிறதே என்று எடுத்தால் செல்போனில் மை கொட்டியது போல ஆகிவிடும். கூகுளே 2015 செப்டம்பரில் எழுத்துகளின் முனையில் இருந்த வால்களை எடுத்துவிட்டுச் சாதாரண எழுத்துக்கு மாறியது. சுமார் 14,000 பைட் அளவுக் கோப்பாக இருந்த லோகோவுக்கு 305 பைட்டில் ஒரு வடிவமும் செய்தார்கள், இணைப்பு மெதுவாக இருக்கும் ஊர்களிலும் உடனே வந்து நிற்பதற்காக.

தேங்காயும் கடலையும் எள்ளும் சுலபமாகப் போய்விட்டன. காளைதான் போகவில்லை. "ஏனுங்க அம்மிணி, மாடு இல்லாத செக்கு செக்காங்க?" என்று கேட்டார். இப்போது அவர் செக்கு ஓடுவது மோட்டாரில்தான், ஆனால் தாத்தா காலத்தில் மாடு சுற்றிய இடம் அது, அந்தப் பிடிப்பைச் சும்மா தள்ளிவிட எனக்கும் முடியவில்லை. ஒரு நாள் முழுக்க அவர் செக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். உரல், அதற்குள் சாய்ந்து நிற்கும் உலக்கை. அந்தச் சாய்வு வேறு எதிலும் இல்லை. அகன்ற கிண்ணம் போல ஒரு வடிவம், அதிலிருந்து வலப்பக்கம் சாய்ந்த ஒரு தடித்த கோடு, இரண்டே துண்டு. 16 பிக்சலில் வைத்துக் காட்டியதும் அவரே "செக்குங்க" என்றார்.

நிறத்தில் கடலை எண்ணெய் மஞ்சள்தான் வேண்டும் என்றார். வெள்ளைப் பின்னணியில் மஞ்சள் கண்ணில் நிற்காது, அதனால் வடிவத்துக்கு வாகை மரத்தின் கரும்பழுப்பு, மஞ்சளைத் தளத்தின் பொத்தான்களுக்குக் கொடுத்தேன், அதற்கு மேல் கறுப்பு எழுத்து.

யாரிடம் லோகோ செய்தாலும் பணம் கொடுக்கும் முன் எஸ்விஜி கோப்பைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அது புள்ளியாக இல்லாமல் கோடுகளாகச் சேமிக்கப்படுவதால் எவ்வளவு பெரிதாக்கினாலும் உடையாது. கூடவே பின்னணி இல்லாத பிஎன்ஜி படம், ஒற்றை நிறத்தில் ஒன்று, கறுப்புத் திரைக்கு வெள்ளையில் ஒன்று. வாட்ஸ்அப் முகப்புப் படம் வட்டமாக வெட்டப்படும், அதற்கு ஓரத்தில் இடம் விட்டுத் தனியாக ஒன்று.

காளையை 'எங்களைப் பற்றி' பக்கத்தில் வைத்தோம். தாத்தா காலத்துக் கறுப்பு வெள்ளைப் புகைப்படம், திரையின் முழு அகலத்துக்கும், திமிலும் மூக்கணாங்கயிறும் தெளிவாகத் தெரியும்படி.