அப்பாவின் சட்டைகள், மகளின் போர்வை

அப்பா பணி ஓய்வு பெற்ற பிறகு உடுத்தாமல் மடித்து வைத்திருந்த முழுக்கைச் சட்டைகள் அனைத்தையும் இந்தக் கோடையில் என்னிடம் கொடுத்துவிட்டார். பெரும்பாலானவை வெள்ளை, வெளிர்நீலம், சாம்பல் நிறங்களில் மெல்லிய கோடு போட்டவை; அடர்நீலமும் கரும்பச்சையும் சில இருந்தன. எல்லாமே நல்ல பருத்தி. விடுமுறை முடிந்ததும் மகள் கல்லூரி விடுதிக்குச் செல்ல இருந்ததால், அவற்றை வெட்டி அவளுக்கு ஓர் ஒட்டுத்துணிப் போர்வை தைத்துத் தருவதென்று முடிவு செய்தேன். தங்கையின் கைக்குழந்தைக்கு ஒரு சிறிய விரிப்பும், எங்கள் வீட்டு நாய் சிட்டுவுக்கு ஒரு படுக்கை விரிப்பும் அதே கோடையில் தைக்க வேண்டியிருந்தது. மூன்றுமே தினமும் புழங்கப் போகிறவை, அடிக்கடி துவைக்கப்படப் போகிறவை. எந்தத் துணியை எடுப்பது, எந்தத் தையலைப் போடுவது என்று தீர்மானிக்கும்போதெல்லாம் இதைத்தான் முதலில் நினைத்துக்கொண்டேன்.

சட்டையைப் பிரிக்கும் வேலையை அப்பாவே எடுத்துக்கொண்டார். கத்தரியால் தையலை ஒட்டி நறுக்கிவிட்டால் சில நிமிடங்களில் முடிந்துவிடும். ஆனால் தையல் பிரிக்கும் ஊசியால் நூலை மட்டும் அறுத்து எடுத்தால் ஒவ்வொரு ஓரத்திலும் கூடுதலாகச் சிறிது துணி கிடைக்கும் என்று நான் சொன்னதைக் கேட்டதிலிருந்து, கத்தரியை அவர் தொடவே இல்லை. காலையில் செய்தித்தாளைப் படித்து முடித்ததும் சன்னலோரம் அமர்ந்துவிடுவார். முதுகுத் துணி தனியாக, முன்பக்கங்கள் தனியாக, கைகள் தனியாக, அகலத்தின்படி அடுக்கி வைப்பார். ஒரு சட்டையில் மிகப் பெரிய துண்டைத் தருவது அதன் முதுகுப்புறம்தான். ஆனால் எங்களுக்கு மிகவும் பிடித்துப்போனது பையைப் பிரித்தபோது அதன் அடியில் தென்பட்ட சிறு சதுரம். வெயிலும் சோப்பும் அதிகம் படாத அந்த இடத்தில், சட்டை வாங்கிய நாளில் என்ன நிறத்தில் இருந்ததோ அதே நிறம் அப்படியே இருந்தது. மற்ற இடமெல்லாம் எவ்வளவு வெளுத்துவிட்டது என்பது அதைப் பார்த்தபோதுதான் தெரிந்தது. அந்தச் சதுரங்களை எல்லாம் தனியாக ஒரு டப்பாவில் போட்டுவைத்தேன்.

பழைய துணியில் தைக்கும்போது முதலில் செய்ய வேண்டியது அதன் வலுவைச் சோதிப்பது. வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தால் இழைகள் மெலிந்த இடம் தெரிந்துவிடும். பாவு வாக்கில், அதாவது நீள இழைகளின் போக்கில் ஒரு முறை, ஊடை வாக்கில், அதாவது குறுக்கு இழைகளின் போக்கில் ஒரு முறை இரு கைகளாலும் இழுத்துப் பார்க்க வேண்டும். கழுத்துப் பட்டியின் மடிப்பு, முழங்கை, கையின் முனைப்பட்டி ஆகியவை முதலில் நைந்துபோகும் இடங்கள். அவற்றை நான் சேர்த்துக்கொள்ளவில்லை. சற்றே மெலிந்திருந்தாலும் விட மனம் வராத துண்டுகளுக்கு, பின்புறம் இஸ்திரிச் சூட்டில் ஒட்டிக்கொள்ளும் மெல்லிய உள்துணியை ஒட்டினேன். துணியைக் கிராஸாக, அதாவது பாவுக்கும் ஊடைக்கும் சாய்வாக வெட்டினால் இழுபடும் என்பதால், போர்வைக்கான நீண்ட பட்டிகள் அனைத்தையும் சட்டையின் நீளவாக்கிலேயே வெட்டினேன். பல முறை துவைத்த துணியில் இனிச் சுருங்குவதற்கு அதிகம் இருக்காது என்பது பழைய சட்டைகள் தரும் பெரிய வசதி. புதுத்துணி கலந்து தைப்பவர்கள் அதை வெட்டும் முன்பே ஒரு முறை நனைத்து உலர்த்திவிடுவது நல்லது.

கோடையில் பெரிய போர்வை தைப்பது கடினம் என்று பலர் வேலையைத் தள்ளிப்போடுவதற்குக் காரணம், மடியில் விழும் அதன் கனமும் வெக்கையும்தான். வழக்கமான முறையில் மேல்துணி முழுவதையும் முதலில் இணைத்துவிட்டு, நடுவில் பஞ்சு விரிப்பையும் அடியில் ஒரு துணியையும் வைத்து, மூன்று அடுக்குகளையும் சேர்த்துத் தைக்க வேண்டும். அந்தக் கடைசிக் கட்டத்தில் முழுப் போர்வையும் மடியிலும் மேசையிலும் கிடக்கும். நான் தேர்ந்தெடுத்தது கட்டம் கட்டமாகத் தைத்துக்கொண்டே போகும் முறை. கட்டத்தின் அளவுக்கு வெட்டிய அடித்துணியின் மேல் பஞ்சு விரிப்பை வைத்து, நடுவில் ஒரு சதுரத்தைப் பொருத்தி, பட்டியை அதன் மேல் கவிழ்த்து வைத்து மூன்று அடுக்குகளையும் துளைத்துத் தைத்த பிறகு, பட்டியைப் புரட்டி நகத்தால் அழுத்திவிட வேண்டும். இப்படி நான்கு பக்கமும் சுற்றிச் சுற்றிப் பட்டிகளைச் சேர்த்துக்கொண்டு போனால், மேல்துணி முடியும்போதே அடுக்குகளும் இணைந்திருக்கும். மடியில் ஒரு நேரத்தில் ஒரே ஒரு கட்டம்தான் இருக்கும். கட்டங்களை ஒன்றோடொன்று இணைத்த பின், பின்புறத்தில் தெரியும் தையல்களைக் குறுகிய பட்டிகளால் மூடிவிடலாம்.

நடுச் சதுரத்தைச் சுற்றிப் பட்டிகள் அடுக்கும் இந்த வடிவத்துக்கு லாக் கேபின் என்று பெயர். அமெரிக்காவில் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மிகவும் புகழ்பெற்றிருந்தது. நடுவில் 2 அங்குலச் சதுரம், அதைச் சுற்றி 1 அங்குலப் பட்டிகள் ஐந்து சுற்று என்று கணக்கிட்டால் கட்டம் 12 அங்குலம் வரும். குறுக்கே 5, நெடுக்கே 6 எனத் தைத்தால் 60 அங்குலத்துக்கு 72 அங்குலம். ஒருவர் போர்த்திக்கொள்ளப் போதுமான அளவு. ஒவ்வொரு தையலுக்கும் இருபுறமும் கால் அங்குலம் விட வேண்டும் என்பதால் பட்டிகளை ஒன்றரை அங்குல அகலத்தில் வெட்ட வேண்டும். கேட்கும்போது சிறிய விஷயமாகத் தோன்றும் இந்தக் கால் அங்குலத்தில்தான் முழுப் போர்வையும் நிற்கிறது. ஒரு கட்டத்தின் குறுக்கே பத்துத் தையல்கள் வருகின்றன. ஒவ்வொன்றிலும் ஊசி ஒரு மில்லிமீட்டர் உள்ளே தள்ளி ஓடினால் இரு துணிகளிலுமாக 2 மில்லிமீட்டர் போய்விடும். பத்துத் தையலுக்கு 2 சென்டிமீட்டர் குறைந்த கட்டம், பக்கத்துக் கட்டத்தோடு எப்படிச் சேரும்? அதனால் இயந்திரத்தின் தட்டில் ஊசியிலிருந்து சரியாகக் கால் அங்குலத் தொலைவில் ஒரு காகித நாடாவை ஒட்டிவைத்து, துணியின் ஓரம் அதை உரசிக்கொண்டு போகும்படி தைத்தேன்.

லாக் கேபினின் அழகு முழுவதும் வெளிர்நிறத்துக்கும் அடர்நிறத்துக்கும் உள்ள வேறுபாட்டில் இருக்கிறது. ஒவ்வொரு கட்டத்தையும் மூலைக்கு மூலை பிரித்து, ஒரு பாதி வெளிராகவும் மறு பாதி அடர்வாகவும் தைத்துவிட்டால், தரையில் பரப்பித் திருப்பித் திருப்பி வைத்து வைரங்களையும் சாய்ந்த கோடுகளையும் உருவாக்கலாம். எந்தச் சாம்பல் வெளிர், எந்தச் சாம்பல் அடர்வு என்று கண்ணால் முடிவு செய்ய முடியாமல் நான் தயங்கியபோது, துணிகளைக் கைப்பேசியில் படமெடுத்து வண்ணத்தை நீக்கிக் காட்டியவன் என் மகன். நிறம் போய்விட்டால் வெளிச்சமும் நிழலும் மட்டுமே மிஞ்சும். எது எந்தப் பக்கம் என்பது உடனே விளங்கிவிடும். அன்றிலிருந்து அடுக்கும் பொறுப்பு அவனுடையதாயிற்று. நடுச் சதுரத்துக்குச் சிவப்பு வைப்பது பழைய வழக்கம். அதற்கு மகள் சிறுவயதில் அணிந்த சிவப்பு கவுனை எடுத்துக்கொண்டேன். போதாத இடங்களில் பையின் அடியில் கிடைத்த அடர்நீலச் சதுரங்களை வைத்தேன்.

உடுத்திய துணியிலிருந்து போர்வை தைப்பதைப் பற்றி நினைக்கும்போதெல்லாம் எனக்கு மிசௌரி பெட்வே நினைவுக்கு வருவார். அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் கீஸ் பெண்ட் என்ற சிற்றூரில் வாழ்ந்த அவர், 1942இல் கணவர் இறந்த பின் அவருடைய வேலை உடைகளைப் பிரித்துப் போர்வை தைத்தார். உடன் இருந்து உதவியவர் அவருடைய மகள். கணவரை நினைத்துக்கொள்ளவும், அந்த அன்பைப் போர்த்திக்கொண்டு உறங்கவும் அதைத் தைத்தார் என்று பின்னாளில் அந்த மகள் நினைவுகூர்ந்தார். கீஸ் பெண்ட் பெண்கள் தைத்த போர்வைகள் 2002இல் பெரிய அருங்காட்சியகங்களில் காட்சிக்கு வைக்கப்பட்டு, ஓவியங்களுக்கு இணையாகப் போற்றப்பட்டன. அந்தச் சிறப்பு அவர்களுக்குத் தகும். ஆயினும், குளிருக்குப் போர்த்துவதற்காகத் தைக்கப்பட்டவை என்பதே அவற்றின் மீது எனக்குள்ள மரியாதைக்குக் காரணம். எங்கள் வீட்டில் சட்டைகளுக்கு உரியவரே எதிரில் உட்கார்ந்து நூல் பிரித்தார். எந்தச் சட்டையை எந்த ஆண்டில் வாங்கினார் என்று பேத்திக்குச் சொல்லிக்கொண்டே பிரித்தார். அந்த நல்வாய்ப்பை நான் சிறிதாக நினைக்கவில்லை.

தங்கையின் குழந்தைக்கான விரிப்பு ஒன்பது சதுரங்கள் சேர்ந்த எளிய கட்டங்களால் ஆனது. பொத்தான், மணி, ரிப்பன் எதுவும் வைக்காமல், தையல்களை மட்டும் சற்று நெருக்கமாகப் போட்டுக் கொடுத்தேன்.

சிட்டுவைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுத வேண்டும். தரையில் துணியைப் பரப்பினால் அது தனக்காகத்தான் என்று அவள் உறுதியாக நம்புகிறாள். மகன் கட்டங்களை அடுக்கும்போதெல்லாம் நடுவில் வந்து இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டுப் படுத்துவிடுவாள். அவளை எழுப்ப அவனுக்கு மனம் வராது. அவளைச் சுற்றியே அடுக்குவான். நாய் வளர்க்கும் வீட்டில் தைப்பவர்கள் ஒன்றை மட்டும் கண்டிப்பாகக் கடைப்பிடிக்க வேண்டும். கீழே விழுந்த ஊசியும் குண்டூசியும் ஆபத்து என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் நூலும் அதே அளவு ஆபத்தானது. நாய் விழுங்கிய நீண்ட நூல் ஓரிடத்தில் சிக்கிக்கொண்டால் குடல் சுருங்கி மடிந்து கிழியவும் கூடும். அறுவை சிகிச்சை வரை கொண்டுபோய்விடும். நறுக்கிய நூலைப் போட மூடியுள்ள டப்பாவை இயந்திரத்தின் அருகிலேயே வைத்திருக்கிறேன். எழுந்து போகும் முன் காந்தத்தால் தரையைத் தடவிவிடுகிறேன். சக்கரம் போல் சுழன்று வெட்டும் ரோட்டரி கட்டரின் கத்தியை ஒவ்வொரு வெட்டுக்குப் பிறகும் உள்ளே தள்ளிப் பூட்டிவிடுகிறேன்.

அவளுடைய விரிப்புக்கு நீலத்தையும் மஞ்சளையும் தேர்ந்தெடுத்தேன். நாய்களின் கண்ணில் நிறம் அறியும் கூம்பு உயிரணுக்கள் இரண்டு வகைதான் உண்டு. நீலமும் மஞ்சளும் அவற்றுக்கு நன்றாகப் பிரிந்து தெரியும். சிவப்பும் பச்சையும் மங்கலாகக் கலந்துவிடும். தைத்தவர் அம்மா. இயந்திரத்தில் உட்காரப் பிடிக்காத அவருக்கு, கர்நாடகத்தில் வாழும் சித்தி சமூகத்துப் பெண்களின் கவந்தி முறையை விளக்கிச் சொன்னேன். ஆப்பிரிக்க வழிவந்த அந்தச் சமூகத்துப் பெண்கள் அடித்துணியின் மூலையில் தொடங்கி, பழந்துணித் துண்டுகளின் ஓரங்களை மடித்து வைத்து ஓட்டுத் தையல் போட்டுக்கொண்டே, ஓரங்களைச் சுற்றி வந்து நடுவில் முடிப்பார்கள். ஓரம் முதலிலேயே மடிந்துவிடுவதால் தனியாக ஓரப்பட்டி வைக்கும் வேலை இல்லை. அம்மாவுக்கு இந்த முறை மிகவும் பிடித்துப்போனது. சிட்டு படுக்கும் முன் நகத்தால் பறண்டும் பழக்கம் உள்ளவள் என்பதால், நகம் நுழைய இடமில்லாதபடி தையல்களைப் பொடியாகப் போட்டார். உள்ளே பஞ்சுக்குப் பதிலாகப் பழைய துவாலையை வைத்தார். கடித்துப் பிரித்தாலும் அள்ளி விழுங்கப் பஞ்சு இருக்காது, துவைத்தாலும் திரளாது. துவைக்கும் முன் வெளியே கொண்டுபோய் உதறிவிட்டால் முடிகளில் பெரும்பகுதி உதிர்ந்துவிடும்.

மகளின் போர்வை முடிந்தபோது வீட்டில் சிறு வாக்குவாதம் நடந்தது. இவ்வளவு உழைப்பை விடுதிக்குக் கொண்டுபோய் அழுக்காக்க மாட்டேன், வீட்டிலேயே பத்திரமாக இருக்கட்டும் என்றாள் மகள். "எடுத்து வைக்கிறதுக்கா உங்கம்மா இவ்வளவு தைச்சா? போர்த்திக்கோ கண்ணு, கிழிஞ்சா தைச்சுக்கலாம்" என்றார் அப்பா. அவர் சொன்னதே சரி. மடித்து வைத்த போர்வை மடிப்பிலேயே நைந்துபோகும். புழங்கும் போர்வைக்கு ஒட்டுப் போடலாம், அதற்கான துண்டுகளும் என்னிடம் மீதம் இருக்கின்றன. மகள் மனம் மாறிய பிறகுதான் முதல் முறை துவைத்தோம். பருத்திப் பஞ்சு நனைந்து சற்றே சுருங்க, தையல்களுக்கு நடுவில் துணி மெல்ல எழும்பி நின்றது. எத்தனை முறை தைத்தாலும் நான் ஆவலோடு எதிர்பார்க்கும் தருணம் அது.

போர்வையின் பின்புறத்து மூலையில், தைத்த ஆண்டையும் துவைக்கும் முறையையும் எழுதி ஒரு சிறிய வெள்ளைத் துணியை வைத்துத் தைத்தேன். குளிர்ந்த நீர், மிதமான சோப்பு, நிழலில் உலர்த்துதல். அதன் கீழே சட்டைகளைக் கொடுத்தவர், பிரித்தவர், தைத்தவர் பெயர்களை நூலால் எழுதினேன். அடுக்கியவர் பெயரும் வேண்டும் என்று மகன் கேட்டான். நியாயமான கோரிக்கை என்பதால், அந்தத் துணியைப் பிரித்தெடுத்து, கொஞ்சம் அகலமான வேறொன்றில் எல்லாப் பெயர்களையும் திரும்ப எழுதித் தைத்தேன்.