கையால பிடிச்ச கீச்சான் குஞ்சு

பௌர்ணமிக்கு மறுநாள் மதியம் சென்னை பக்கத்து கோவளம் முகத்துவாரத்துக்குப் போயிருந்தேன். முட்டுக்காடு தண்ணி கடல்ல சேர்ற எடம், மணல் மூடாம தொறந்திருந்துச்சு. பௌர்ணமி, அமாவாசையை ஒட்டித்தான் தண்ணி நல்லா வத்தும், அப்போ கரையோரம் முழங்காலுக்கும் கீழ சின்னச் சின்ன குட்டையா நிக்கும், அதுலதான் கீச்சான் மீன் குஞ்சுங்க இருக்கும்.

மேல இருந்து பாத்தா முதுகுல கறுப்புக் கோடு வளையம் வளையமா தெரியும், அதை வச்சே கண்டுபிடிச்சிடலாம். வலை எடுத்துட்டுப் போகல. வலையில மாட்டினா செவுளுப் பக்கத்து முள்ளு சிக்கி, பிரிக்கறதுக்குள்ள குஞ்சு செத்துப் போகுது, ரெண்டு தடவை அப்படி ஆகி மனசே கேக்கல. கையால பிடிக்கறதுக்கு தொரத்தவே கூடாது. கீச்சான் குஞ்சு மணல்ல ஒரு சின்னக் குழி பறிச்சு அதை தன் எடம்னு காவல் காக்கும், வெரட்டினாலும் கொஞ்ச நேரத்துல அங்கயேதான் திரும்பி வரும். அதனால குழிக்கு ரெண்டு பக்கமும் உள்ளங்கையை மணலோட மணலா பதிச்சு வச்சுட்டு, நம்ம நெழலு குழி மேல விழாம உக்காந்துட வேண்டியதுதான். எனக்கு இருபது நிமிஷம் ஆச்சு. வந்து நின்னதும் மணலையும் சேர்த்து அள்ளிட்டேன். கட்டைவிரல் நகத்தை விட கொஞ்சம் பெருசு, உள்ளங்கைத் தண்ணியில முதுகு முள்ளை விரிச்சுக்கிட்டு நிக்குது!

வலை பிரிச்சிட்டிருந்த அண்ணன் பாத்துட்டு "என்னா தம்பி, இது கொழம்புக்குக்கூட ஆவாதே"ன்னார். வளக்கறதுக்குண்ணேன்னதும், "பெருசாச்சுன்னா கையில எடுத்தா கீச்சு கீச்சுன்னு கத்தும், அதான் கீச்சான்"னு சொன்னார். அவரே ரெண்டு மடவை மீன் குஞ்சும் கொடுத்தார்.

மீனோட அந்தத் தண்ணியையும் ரெண்டு கேன் எடுத்துட்டு வந்தேன், கொஞ்சம் மணலும். தண்ணியில உப்பு எவ்வளவுன்னு பாக்கற ஹைட்ரோமீட்டர்ல 1.018 காட்டுச்சு, கடல் தண்ணின்னா 1.025 கிட்ட இருக்கும். ஒரு மாசமா ஃபில்டர் ஓட்டி வச்சிருந்த டேங்க்ல கொஞ்சம் கொஞ்சமா தண்ணியைக் கலந்து ஒரு மணி நேரம் கழிச்சுதான் விட்டேன். புதுசா வளக்கறவங்க ஒண்ணு கவனிங்க, டேங்க்ல தண்ணி கொறைஞ்சா கடல் தண்ணி ஊத்தாதீங்க, ஆவியாகறது தண்ணி மட்டும்தான், உப்பு அங்கயேதான் இருக்கும், நல்ல தண்ணிதான் ஊத்தணும். அப்புறம் பவளம், கடல்குதிரை ரெண்டுலயும் கை வைக்கவே வைக்காதீங்க, ரெண்டும் வனவிலங்கு சட்டத்துல பாதுகாக்கப்பட்ட பட்டியல்ல இருக்கு.

நாலாம் நாள் பாத்தா ஒரு மடவைக்கு வயித்தோரம் செதில் காணோம், அந்த எடம் வெள்ளையா தோல் தெரியுது. நோயோன்னு பயந்துட்டேன். லைட்டை அணைச்சுட்டு ஓரமா உக்காந்து பாத்தப்பதான் தெரிஞ்சுது, கீச்சான் பின்னாடியே போய் பக்கவாட்டுல ஒரு கொத்து கொத்தி செதிலை உருவி சாப்பிடுது. சின்ன வயசுல அதோட சாப்பாட்டுல செதிலும் உண்டாம், அப்புறமா படிச்சுத் தெரிஞ்சுக்கிட்டேன். மடவை ரெண்டையும் அன்னிக்கே வேற டப்பில மாத்திட்டேன், முன்னாடியே படிச்சிருந்தா அதுங்களுக்கு இந்த வலி இருந்திருக்காது.

இது ஒரு அடிக்கு வளரும், அதனால ரெண்டடி டேங்க் ரொம்ப நாள் தாங்காது, நாலடிக்கு காசு சேத்துட்டிருக்கேன். நேத்து ராத்திரி, கோவளத்து மணலை பரப்பின மூலையில புதுசா ஒரு குழி, ஒரு ரூபா காசு அளவு. அதுக்குள்ள ஃபில்டர் தண்ணி வர்ற பக்கம் மூஞ்சியை வச்சுக்கிட்டு நின்னுட்டிருந்துச்சு.