ஏணியில் வைத்த கால்: கன்ஃபைன்ட் ஸ்பேஸ் தேர்வுக்குத் தயாராகிறவர்களுக்கு

கன்ஃபைன்ட் ஸ்பேஸ், அதாவது மேன்ஹோல், டேங்க் மாதிரி அடைபட்ட இடங்களில் இறங்கி வேலை செய்வதற்கான பயிற்சி அது. இரண்டாம் நாள் மதியம் செய்முறைத் தேர்வு. மேன்ஹோல் போலவே கட்டிய ஒரு குழி, அதன் வாய்க்கு மேலே ட்ரைபாட் என்கிற முக்காலி, அதில் கயிற்றால் ஆளைத் தூக்க கையால் சுற்றும் வின்ச். எனக்கு வந்தது ஹோல் வாட்ச் வேலை, அதாவது வெளியே நின்று உள்ளே இருப்பவரைக் கவனிக்கிற ஆள். கூடப் படித்த ஒருவர் ஹார்னஸ் என்கிற உடம்புப் பட்டையை மாட்டிக்கொண்டு இறங்கினார். இரண்டு முறை குரல் கொடுத்தேன், பதில் வந்தது. மூன்றாவது முறை வரவில்லை. குனிந்து பார்த்தால் கீழே சுருண்டு கிடக்கிறார். அடுத்த நொடி என் வலது கால் ஏணியின் முதல் படியில் இருந்தது. பயிற்றுநர் விசில் ஊதினார். "இப்ப உள்ளே ரெண்டு பேர். வெளியே யாருமில்லை" என்றார். அத்தோடு என் தேர்வு முடிந்தது.

எழுத்துத் தேர்வில் நல்ல மதிப்பெண்தான். மயங்கியவரைத் தூக்க ஹோல் வாட்ச் உள்ளே இறங்கலாமா என்ற கேள்விக்கு "கூடாது" என்று சரியாகவே குறித்திருந்தேன். கூட வேலை செய்கிறவர் விழுந்து கிடக்கும்போது அந்த விடை நினைவுக்கு வரவில்லை. கன்ஃபைன்ட் ஸ்பேஸ் விபத்துகளில் முதலில் விழுந்தவரோடு சேர்த்து, அவரைக் காப்பாற்றப் போனவரும் இறப்பது உலகம் முழுக்கத் திரும்பத் திரும்ப நடக்கிறது. அதனால் இந்தப் பயிற்சிக்குப் போகிறவர்கள் படிப்பதற்கு ஒதுக்கும் நேரத்தில் பாதியையாவது கை கால்களைப் பழக்க ஒதுக்குங்கள்.

சரி, எழுத்துத் தேர்வு. எது கன்ஃபைன்ட் ஸ்பேஸ் என்ற கேள்வி கட்டாயம் வரும். ஆள் உடம்போடு உள்ளே போய் வேலை செய்யும் அளவு இடம் இருக்கும், ஆனால் போகவர வழி குறைவு, ஆட்கள் தொடர்ந்து இருப்பதற்காகக் கட்டியதும் அல்ல. இந்த மூன்றும் சேர்ந்தால் கன்ஃபைன்ட் ஸ்பேஸ். மேன்ஹோல், சம்ப், தண்ணீர் டேங்க், பெரிய குழாய், லிஃப்ட் குழி எல்லாம் இதில் வரலாம். மேலே திறந்திருக்கிறதே என்று ஆழமான குழியை விட்டுவிடாதீர்கள், பலர் தவறவிடுகிற இடம் அது.

எண்கள் கொஞ்சம்தான். சாதாரணக் காற்றில் ஆக்ஸிஜன் 20.9 சதவீதம். 19.5க்குக் கீழே போனாலும் 23.5க்கு மேலே போனாலும் இறங்கக் கூடாது. தீப்பற்றும் வாயு, பற்றுவதற்குத் தேவையான குறைந்தபட்ச அளவில் 10 சதவீதத்தைத் தொட்டாலே வெளியே வந்துவிட வேண்டும். நாங்கள் பழகிய வாயு மீட்டரில் ஹைட்ரஜன் சல்ஃபைடுக்கு 10 பிபிஎம் (பத்து லட்சத்தில் பத்து பங்கு), கார்பன் மோனாக்சைடுக்கு 35 பிபிஎம் என்று அலாரம் வைத்திருந்தார்கள். சோதிக்கும் வரிசை: முதலில் ஆக்ஸிஜன், அப்புறம் தீப்பற்றும் வாயு, கடைசியில் நச்சு வாயு. வரிசையை மட்டும் மனப்பாடம் செய்தால் தேர்வு அறையில் குழம்பும், காரணத்தோடு பிடித்துக்கொள்ளுங்கள். தீப்பற்றும் வாயுவை அளக்கும் சென்சார்களில் பெரும்பாலானவை அந்த வாயுவை உள்ளுக்குள் எரித்துப் பார்த்துத்தான் அளவு சொல்கின்றன. எரிய ஆக்ஸிஜன் வேண்டும். ஆக்ஸிஜன் குறைவாக இருந்தால் அது காட்டும் எண்ணை நம்ப முடியாது.

பயிற்றுநர் கரும்பலகையில் போட்டுக் காட்டிய ஒரு கணக்கு என்னை உலுக்கிவிட்டது. மீட்டர் 20.8 காட்டுகிறது. 19.5க்கு மேலேதானே, இறங்கலாம் என்று நாங்கள் எல்லோரும் சொன்னோம். அவர் கேட்டார், "அந்த 0.1 எங்கே போச்சு?" காற்றில் ஐந்தில் ஒரு பங்குதான் ஆக்ஸிஜன். வேறொரு வாயு உள்ளே புகுந்து இடம் பிடித்ததால் ஆக்ஸிஜன் 0.1 சதவீதம் குறைந்தது என்றால், புகுந்த வாயு ஏறக்குறைய 0.5 சதவீதம். அதாவது 5,000 பிபிஎம். 10 பிபிஎம்முக்கே அலாரம் அடிக்க வேண்டிய வாயுவை மனதில் வைத்து இந்த எண்ணைப் பாருங்கள். வெளியே நல்ல காற்றில் 20.9 காட்டிய மீட்டர் உள்ளே 20.8 காட்டினால், ஏன் குறைந்தது என்று தெரியாமல் இறங்கக் கூடாது. இது கேள்வித்தாளில் வரவில்லை. ஆனாலும் மொத்தப் பயிற்சியில் எனக்கு மிகவும் பயன்பட்டது இதுதான்.

நான் ஷட்டரிங் தச்சன், கான்கிரீட் ஊற்றப் பலகை அடித்து, இறுகியதும் பிரிக்கிற வேலை. அதனால் புது டேங்க் பற்றிய பாடத்தில் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். கழிவுநீர்த் தொட்டி என்றால் எல்லோருக்கும் பயம் இருக்கிறது. புதிதாகக் கட்டிய தண்ணீர் டேங்க்கில் யாருக்கும் பயமில்லை. சாக்கடை இல்லை, நாற்றம் இல்லை, பலகை பிரிக்கத்தானே போகிறோம் என்று இறங்கிவிடுகிறோம். மூடியே கிடந்த டேங்க்கில் ஈரப் பலகை மக்க ஆரம்பித்தால் அது உள்ளே இருக்கும் ஆக்ஸிஜனைத் தின்றுவிடும். கம்பி துருப்பிடிப்பதும் ஆக்ஸிஜனை எடுத்துக்கொண்டுதான். ஆக்ஸிஜன் குறைந்தால் மூக்குக்குத் தெரியாது, தொண்டை எரியாது. 16 சதவீதத்தில் நிதானம் தவற ஆரம்பிக்கும், 6 சதவீதம் என்றால் சில மூச்சுகளில் சுருண்டு விழ வேண்டியதுதான். இத்தனை வருடம் எத்தனை டேங்க்கில் மீட்டர் இல்லாமல் இறங்கியிருக்கிறேன் என்று அன்றைக்கு இரவு எண்ணிக்கொண்டே படுத்திருந்தேன்.

நாற்றத்தை நம்புவதும் ஆபத்து. ஹைட்ரஜன் சல்ஃபைடு அழுகிய முட்டை மாதிரி நாறும் என்பது சரிதான், ஆனால் 100 பிபிஎம் அளவில் மோப்பத்தையே அடித்துவிடும். நாற்றம் நின்றதும் காற்று சுத்தமாகிவிட்டது என்று நினைப்போம். விளக்கை இறக்கிப் பார்க்கிற பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். மனிதனுக்குப் போதாத காற்றிலும் விளக்கு கொஞ்ச நேரம் எரியும். உள்ளே மீத்தேன் இருந்தால் அந்த விளக்கே வெடிக்க வைக்கும். முகமூடி பற்றி ஒரு கேள்வி வரலாம்: தூசியை, வாயுவை வடிகட்டும் எந்த மாஸ்க்கும் ஆக்ஸிஜன் தராது. காற்றை வெளியிலிருந்தோ சிலிண்டரிலிருந்தோ கொண்டுவரும் கருவிதான் விடை.

படம் போட்டு, தவறைக் கண்டுபிடி என்றும் கேட்டார்கள். உள்ளே காற்றை ஊதும் ப்ளோயர் ஓடுகிறது, குழாய் குழியின் அடிவரை போகிறது, எல்லாம் சரியாகத் தெரிந்தது. ப்ளோயரின் வாய்க்குப் பக்கத்தில் ஜெனரேட்டர் நின்றதை நான் கடைசி நிமிடத்தில்தான் பார்த்தேன். அந்தப் புகை முழுக்க உள்ளே இருப்பவருக்குத்தான் போகும்.

செய்முறையில் மீட்டரைக் கையில் கொடுப்பார்கள். நல்ல காற்றில் ஆன் செய்து, சோதனை வாயு காட்டி அது வேலை செய்கிறதா என்று பார்த்த பிறகே குழிக்கு வர வேண்டும். மூடியை முழுக்கத் திறக்கும் முன்பே சிறு இடைவெளி வழியாக மீட்டரின் குழாயை விட்டு அளக்க வேண்டும். மேலே, நடுவே, அடியில் என்று அளப்பது ஏனென்றால் மீத்தேன் மேலே ஏறும், ஹைட்ரஜன் சல்ஃபைடு அடியில் தங்கும். நாங்கள் நான்கு அடிக்கு ஒருமுறை நிறுத்தினோம். நீளக் குழாயில் காற்று மீட்டருக்கு வந்து சேர நேரமாகும். அவசரப்பட்டு இழுத்தால் மேல்மட்டத்துக் காற்றின் எண்ணை அடிமட்டத்துக்கு எழுதிவிடுவீர்கள். என்னோடு எழுதியவர்களில் அதிகம் பேர் மதிப்பெண் இழந்தது இங்கேதான்.

உள்ளே இறங்க அனுமதி தரும் பெர்மிட் தாளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கையெழுத்துப் போடும் முன் தேதி, நேரம், உள்ளே போகிறவர் பெயர், வாயு அளவு இவற்றை வாய்விட்டுப் படியுங்கள்.

மறுதேர்வு பத்து நாள் கழித்து. அந்தப் பத்து நாளும் தினம் சாயங்காலம் வீட்டு வாசலில் நின்று ஒரே பயிற்சி: கூப்பிடு, பதில் இல்லை, ஒரு அடி பின்னால் வை, வாக்கி டாக்கியில் உதவி கேள், வின்ச் பிடியில் கை வை. அந்த ஒரு அடிதான் முக்கியம். பின்னால் போன கால் ஏணிக்கு வராது. தேர்வில் மறுபடியும் பதில் நின்றது. பின்னால் வைத்தேன், கூப்பிட்டேன், சுற்றினேன். வின்ச் மிக மெதுவாகத்தான் ஏறும், குதித்துத் தூக்கினால் சீக்கிரமாகுமே என்று உடம்பு துடிக்கும். பற்களைக் கடித்துக்கொண்டு சுற்றிக்கொண்டே இருந்தேன். ஹெல்மெட் தெரிந்தது, அப்புறம் தோள்பட்டை. தேர்வுக்கு முன் ஒருமுறையாவது ஆள் எடையோடு வின்ச் சுற்றிப் பார்க்க அனுமதி கேளுங்கள், வெறும் கயிற்றைச் சுற்றிப் பழகியவர்களுக்கு அந்த மெதுவேகம் புரியாது.

தேறி சைட்டுக்குத் திரும்பிய முதல் வாரம் ஒரு சம்ப்பில் ஹோல் வாட்ச் நின்றேன். ஃபோர்மேன் வந்து, "தம்பி, சும்மாதானே நிக்கிற, அந்தப் பலகையைக் கொஞ்சம் எடுத்துக் கொடு" என்றார். "அண்ணே, எனக்குப் பதிலா ஒரு ஆளை இங்க நிறுத்துங்க, வர்றேன்" என்றேன். ஒரு நிமிடம் என்னைப் பார்த்தார். அப்புறம் பலகையை அவரே எடுத்துக்கொண்டு போனார்.