ரிக்பி இல்லை, ஸ்டெயர்: மேசைக் குறிப்புகள்

டிசம்பர் 4

பொள்ளாச்சிப் பக்கத்துத் தோட்டத்து வீட்டிலிருந்து எங்கள் துப்பாக்கிக் கடைக்கு வந்த ரைபிள். "எங்க அப்பாரு வெச்சிருந்ததுங்க. ரிக்பின்னு சொல்லுவாருங்க" என்று பேரன் சொன்னது மட்டுமே கூட வந்த வரலாறு. அப்பாரு என்றால் இந்தப் பக்கத்தில் தாத்தா. உரிமப் புத்தகத்தில் இருப்பதோ ".256 மேகசின் ரைபிள்" என்ற ஒரே வரி. .256 என்பது பேரலின் உள்விட்டம், அங்குலக் கணக்கில். மேகசின் என்பது தோட்டாக்கள் அடுக்கும் அறை.

ரிக்பி என்ற பேச்சு எங்கிருந்து வருகிறது என்று தெரியும். ஜிம் கார்பெட் சம்பாவத் புலியைச் சுட்டதற்காக 1907-ல் அவருக்குப் பரிசாகக் கிடைத்தது லண்டன் ரிக்பி கம்பெனியின் .275 ரைபிள். அன்றிலிருந்து துரைமார் விட்டுப்போன போல்ட் ரைபிள் எல்லாமே வீட்டார் வாயில் ரிக்பிதான். ஆனால் அந்த ரிக்பி, ஜெர்மனியின் மவுசர் போல்ட் வைத்தது. போல்ட் என்பது தோட்டாவை உள்ளே தள்ளிப் பின்பக்கத்தை அடைக்கும் உருளை; அது ஓடும் இரும்புக் கூடு ரிசீவர். மவுசரில் போல்ட்டின் கைப்பிடி ரிசீவரின் பின்பாலத்துக்குப் பின்னால் படுக்கும். இதில் பாலமே நடுவில் பிளந்திருக்கிறது. கைப்பிடி அந்தப் பிளவு வழியாகப் போய், பாலத்துக்கு முன்னால் படுக்கிறது. அதுவும் குமிழ் இல்லாமல், வெண்ணெய் தடவும் கத்தி மாதிரித் தட்டை. இந்த இரண்டையும் பார்த்தாலே போதும், ஆஸ்திரிய மான்லிக்கர்.

டிசம்பர் 5

மான்லிக்கர் என்று சொல்லி நிறுத்தக் கூடாது. ".256 மான்லிக்கர்" என்ற ஒரே பெயரில் இரண்டு தோட்டா புழங்கின. ஒன்று 6.5×53 (குண்டின் அளவும் உறையின் நீளமும், மி.மீ.யில்), அடியில் விளிம்பு வைத்தது. டச்சு, ருமேனிய ராணுவ ரைபிள்களின் தோட்டா அதுதான். இன்னொன்று 6.5×54, விளிம்பு இல்லாதது, 1903-ல் கிரேக்க ராணுவம் எடுத்துக்கொண்டது. விளிம்புள்ளதன் அடி 13 மி.மீ.க்கு மேல் அகலம். விளிம்பில்லாதது 11.5 மி.மீ. பக்கம். ஒன்றுக்கு வெட்டிய சேம்பரில், அதாவது பேரலில் தோட்டா உட்காரும் அறையில், மற்றது சரியாக உட்காராது. தட்டி உட்கார வைப்பவர் கண்ணை இழப்பார்.

மேகசினைப் பார்த்தாலே எது என்று பிரியும். விளிம்புள்ள தோட்டாவுக்கான ரைபிளில் அஞ்சு தோட்டா பிடித்த கிளிப் அப்படியே உள்ளே போகும். கடைசித் தோட்டா ஏறியதும் காலி கிளிப் அடியிலுள்ள திறப்பு வழியே கீழே விழும். மேகசினும் விசைக் காப்புக்கு முன்னால் துருத்திக்கொண்டிருக்கும். இதில் அடிப்பக்கம் மட்டமாக இருக்கிறது. அடித்தகட்டில் சின்னத் துளை. துளைக்குள்ளிருக்கும் பிடியை ஒரு முனையால் அமுக்கித் தகட்டைக் கால் சுற்று திருப்பினால் கழன்று வருகிறது. உள்ளே அஞ்சு பள்ளம் வைத்த உருளை. ஓட்டோ ஷோனவர் வகுத்த சுழல் மேகசின் இது. ஆஸ்திரியாவின் ஸ்டெயர் ஆலையில் 1903-ல் தொடங்கி 1970-களின் ஆரம்பம் வரை ஓடிய ரைபிள் குடும்பம்.

பேரலில் வியன்னா சோதனைச் சாலையின் 'என்.பி.வி.' முத்திரை. புகையில்லா மருந்துக்குச் சோதித்தது என்று அதற்குப் பொருள். லண்டன் கடைக்காரர் யார் பெயரும் பொறிக்கவில்லை. பொறித்திருந்தால் விலை ஒரு படி ஏறியிருக்கும்.

டிசம்பர் 9

பிரித்த நாள். தோட்டா உள்ளே இல்லை என்பதை இருமுறை பார்த்த பிறகே. இந்த மாதிரியில் ரிசீவரின் வலப்பக்கம் ஒரு பொத்தான் உண்டு. போல்ட்டைத் திறந்து அதை அமுக்கினால் மேகசினிலுள்ள தோட்டாக்கள் மேலே துள்ளி வந்துவிடும். போல்ட்டை முன்னும் பின்னும் தள்ளி ஒவ்வொன்றாக எடுக்கத் தேவையில்லை. பிறகு சேம்பருக்குள் சுண்டுவிரலை விட்டுப் பார்க்க வேண்டும். வெளிச்சத்தை மட்டும் நம்பக் கூடாது.

போல்ட்டுக்குள் சுடும் ஊசி நகரவில்லை. காரணம் தேங்காய் எண்ணெய். நம்ம பக்கத்து வீடுகளில் துரு பிடிக்காமல் இருக்க அதைத்தான் தடவி வைக்கிறார்கள். 24 டிகிரிக்குக் கீழே அது உறையும். மார்கழிக் காலையில் சீசாவில் கட்டியாவதை யார் பார்த்ததில்லை? அதே கட்டி ஊசியின் வேகத்தைக் குறைக்கிறது. விசையை இழுத்தாலும் தோட்டா வெடிக்காது. பல வருஷத் தூசி சேர்ந்துவிட்டால் கோடையிலும் கோந்து மாதிரி நிற்கும். மண்ணெண்ணெயில் ஒரு ராத்திரி ஊறப்போட்டு, பழைய பல் தேய்க்கும் பிரஷால் தேய்த்து, துடைத்து, மெல்லிய இயந்திர எண்ணெய் ஒரே ஒரு சொட்டு. அதற்கு மேல் வேண்டாம்.

டிசம்பர் 10

இரட்டை விசை. பின்விசையை இழுத்துவிட்டால் முன்விசை மயிரிழையில் நிற்கும். நடுவிலுள்ள சின்னத் திருகுதான் அந்த மென்மையைக் கூட்டுவதும் குறைப்பதும். காலி சேம்பரோடு பின்விசையை இழுத்துவிட்டு, குந்தாவின் (தோளில் வைக்கும் மரக்கட்டை) அடியை ரப்பர் சுத்தியலால் நாலைந்து தட்டு தட்டினோம். மூன்றாவது தட்டில் விசை தானே விழுந்துவிட்டது. திருகை அரைச் சுற்று திருப்பிய பிறகு நிற்கிறது.

டிசம்பர் 16

பேரல். பழைய தோட்டாக்களின் பிரைமரில் (ஊசி அடித்ததும் தீப்பொறி தரும் அடிப்பகுதி) பொட்டாசியம் குளோரேட் இருந்தது. சுட்ட பிறகு அது உப்பாகத் தங்கி, காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக் குழிக்கும். எண்ணெய் அந்த உப்பைக் கரைக்காது, தண்ணீர்தான் கரைக்கும். மரக்கட்டையைக் கழற்றிவிட்டு, கொதிக்கும் தண்ணீர் அரை லிட்டரைப் புனல் வைத்துச் சேம்பர் பக்கமிருந்து ஊற்றினோம். பேரல் சூடேறி ஈரம் தானாகவே காய்ந்தது. உடனே எண்ணெய்த் துணி. முதல் துணி தேயிலைச் சக்கை நிறத்தில் வந்தது, ஆறாவதுதான் வெள்ளை.

அளவெடுக்க, மீன் வலையில் கட்டும் மெத்தென்ற ஈயக் குண்டு. எண்ணெய் தடவிய பேரலின் வாயில் வைத்து, பித்தளைக் கம்பியால் மெதுவாகத் தட்டி உள்ளே அனுப்பினால், பேரலின் உட்சுவரில் சுருளாக வெட்டிய பள்ளமும் மேடும் அதில் அச்சாகும். இந்த மாதிரிகளில் பள்ளத்தின் அளவு 6.71 முதல் 6.81 மி.மீ. வரை ஆலையிலேயே மாறியிருக்கிறது. மைக்ரோமீட்டர் 6.79 காட்டியது. தேய்மானம் என்று பதறத் தேவையில்லை.

வாய் விளிம்பில் ஒரு பக்கம் லேசாகத் தேய்ந்திருக்கிறது. முன்பக்கமிருந்து இரும்புக் கம்பி விட்டுத் துடைத்த அடையாளம் அது.

டிசம்பர் 20

பேரனுக்குக் குந்தாவைப் பாலிஷ் போட்டு, இரும்பைப் புதுசாகக் கருப்பேற்றித் தந்தால் விலை ஏறும் என்று எண்ணம். ஏறாது, இறங்கும். பழைய ரைபிள் வாங்குபவர் முதலில் பார்ப்பது எழுத்துகளின் ஓரம். மெருகுச் சக்கரம் பட்டால் முத்திரையின் ஓரங்கள் மழுங்கிவிடும். ரிசீவரில் பிற்பாடு துளை போட்டுத் தொலைநோக்கி மாட்டியிருந்தாலும் இதே கதை. இதில் துளை இல்லை. நல்ல காலம்.

ஜனவரி 3

விலைப் பேச்சு. பெயர் பெரியதுதான். பெல் என்ற ஸ்காட்லாந்துக்காரர் ஆப்பிரிக்காவில் யானைகளையே இந்த 6.5-ஆல் சுட்டவர். 160 கிரெயின் (சுமார் 10 கிராம்) எடையில், ஒல்லியாக நீண்ட மழுங்கல் குண்டு ஆழமாகப் பாய்வதுதான் ரகசியம். சுழல் உருளையும் அந்த நீளத்துக்கே வெட்டியது. குட்டையான கூர்முனைக் குண்டு வைத்த தோட்டா போட்டால் சேம்பர் வாயில் சிக்கும்.

அந்தத் தோட்டா இங்கே தயாராவதில்லை. விலை இறங்குவது இங்கேதான். .303 ராணுவத் தோட்டா என்பதால் பொதுமக்களுக்குத் தடை. அதனால் .315 பரவியது. இன்றும் ஆயுதத் தொழிற்சாலையில் அதற்குத் தோட்டா வருகிறது. ஆகவே சாதாரண .315-ஐ வாங்க ஆள் வரிசையில் நிற்க, அதைவிட நூறு மடங்கு நயமாகச் செய்த இது அலமாரியில் கிடக்கிறது. ஆயுதச் சட்டத்தின் 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவருக்கு இரண்டு துப்பாக்கிதான், பரம்பரையாக வந்ததையும் சேர்த்து. சுட முடியாத ஒன்றுக்கு அந்த இடத்தைக் கொடுக்க எத்தனை பேர் தயார்?

வெளிநாட்டு ஏலத்துக்கு அனுப்பலாமா என்று கேட்டார்கள். 100 வருஷம் தாண்டிய கலைப்பொருளையோ வரலாற்றுப் பொருளையோ தனியார் ஏற்றுமதி செய்ய 1972 தொல்பொருள் சட்டம் இடம் தராது. அந்தக் கணக்கு வேண்டாம் என்று சொல்லியாயிற்று.

ஜனவரி 8

பேரனே வாரிசு உரிமம் கேட்டு மனுப் போடுகிறார். மற்ற வாரிசுகளின் சம்மதக் கடிதம், இறப்புச் சான்று, பழைய உரிமப் புத்தகம் மூன்றும் வேண்டும். புத்தகத்திலுள்ள எண்ணும் ரிசீவரிலுள்ள எண்ணும் ஒத்துப்போகிறதா என்று முதலிலேயே பார்த்துவிட வேண்டும். 3-ம் 8-ம் கையெழுத்தில் மாறிப்போயிருந்தால் மனு அங்கேயே நிற்கும். இதில் ஒத்துப்போகிறது. உரிமம் வரும்வரை ரைபிள் கடைப் பொறுப்பில்.

பதிவேட்டில் எழுதும்போது குந்தாவின் அடித்தகட்டைத் திறந்தோம். அந்தச் சின்னக் கதவுக்குள் துண்டு துண்டாகத் துடைப்புக் கம்பியும், பக்கத்துக் குழிகளில் பச்சை பூத்த இரண்டு தோட்டாக்களும். ரைபிளை மட்டும் எழுதிவிட்டுத் தோட்டாவை விட்டால் கணக்கில் வராத வெடிமருந்தாகிவிடும். ஆகவே: ஸ்டெயர், 1903 மாதிரி, .256 விளிம்பில்லாதது, தோட்டா 2, சுட உதவாது.