ஸ்டேட்டஸ் 7-ஐத் தேடி மாதவரத்துக்கு இரண்டு தடவை

மூன்று வாரம் ஆகிவிட்டது. சரக்கு அனுப்புகிற எங்கள் டெஸ்பாட்ச் சாஃப்ட்வேரில் லாரி போட, பில் போட என்று வேலைக்கு ஒன்றாகப் பதினாறு டூல்கள் இருக்கின்றன. அவற்றை ஏஐ ஏஜென்ட், அதாவது சொன்ன வேலையைத் தானே டூல்களை இயக்கிச் செய்யும் ஏஐ, படித்துப் பயன்படுத்துகிற மாதிரி விளக்கம் எழுதி முடித்தேன். இதே வேலையில் இறங்கப் போகிறவர்கள் நான் இடறிய இடங்களிலேயே இடற வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

ஏஜென்ட் நம் டூல்களைக் கூப்பிட வழி செய்யும் பொது நெறிமுறைக்கு எம்.சி.பி. என்று பெயர். அதற்கான சர்வரை அமைப்பது இரண்டு நாள் வேலை. எம்.சி.பி.யை 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் என்ற ஏஐ கம்பெனி வெளியிட்டது, பைத்தானில் எழுத எஸ்.டி.கே. என்ற ரெடிமேட் கருவித்தொகுப்பு இருக்கிறது, அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஒவ்வொரு டூலுக்கும் ஒரு பெயர், ஒரு விளக்கம், என்னென்ன தகவலை எந்த வடிவில் கொடுக்க வேண்டும் என்று சொல்லும் ஒரு இன்புட் ஸ்கீமா. அந்த விளக்கம்தான் மீதி நாள் முழுவதையும் தின்றது.

லாரி போடும் டூலுக்கு "ஆர்டருக்கு லாரி ஒதுக்கும்" என்று ஒரே வரி எழுதியிருந்தேன். ட்ரையல் விட்ட முதல் நாள் காலையிலேயே ஏஜென்ட் நான்கு பார்ட்டிகளுக்கு லாரி போட்டுவிட்டது. நான்குமே சாஃப்ட்வேரில் ஸ்டேட்டஸ் 7 என்று குறியிட்டிருந்த ஆர்டர்கள். ஒரு வண்டி அம்பத்தூர் வரை போய், லோடை இறக்காமலேயே திரும்பி வந்தது. வாடகை எங்கள் தலையில்.

ஸ்டேட்டஸ் 7 என்றால் என்ன என்று ஆபீஸில் ஒருவருக்கும் தெரியவில்லை. சாஃப்ட்வேர் விற்ற கம்பெனிக்கு மூன்று மெயில், இரண்டு போன். "மேனுவல்லயே எல்லாம் இருக்கு மேடம்" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை வரவில்லை. மேனுவல் என்பது ஸ்கேன் செய்த பிடிஎஃப். தேடிப் பார்க்கவும் முடியாது, பக்கம் பக்கமாகத் தள்ள வேண்டும். 7-க்கு எதிரே "ஹோல்டு" என்று ஒரே சொல். எதற்காக ஹோல்டு, யார் எடுத்துவிட வேண்டும், எதுவும் கிடையாது. மறுநாள் என் டிக்கெட்டை அவர்களே "தீர்ந்தது" என்று மூடிவிட்டார்கள். அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை.

குடோன் சூப்பர்வைசரைக் கேட்பதுதான் வழி என்று செவ்வாய்க்கிழமை கிளம்பினேன். பெருங்குடியிலிருந்து மாதவரம். மெட்ரோ வேலை நடக்கிற ஓ.எம்.ஆரைத் தாண்டவே பாதி உயிர் போய்விட்டது. போய்ச் சேர்ந்தால், அவர் தன் அண்ணன் வீட்டு விசேஷத்துக்கு லீவு. தயவுசெய்து போன் பண்ணிவிட்டுப் போங்கள்.

வெள்ளிக்கிழமை ஆள் இருந்தார். கேட்டதும் மேஜை டிராயரிலிருந்து ஒரு நீள நோட்டை எடுத்தார். பில் நம்பர்களுக்குப் பக்கத்தில் அங்கங்கே சிவப்புப் பேனாவில் "கை" என்று எழுதியிருந்தது.

"ஏழுன்னா இதும்மா. பார்ட்டியே வண்டி கொண்டாந்து கையோட எடுத்துக்கிறேன்னு சொன்னது. நாம லாரி அனுப்பவே கூடாது. சரக்கைக் கேட் பக்கமா எடுத்து வச்சிடணும்."

"இது சிஸ்டத்துல எங்கயும் இல்லையேண்ணே?"

"சிஸ்டத்துல எதுக்கும்மா? எல்லாருக்கும் தெரியுமே."

அந்த 'எல்லாருக்கும்' என்பதில் ஏஜென்ட் இல்லை. புதிதாகச் சேர்ந்த பையன் என்றால் பக்கத்து சீட்டில் கேட்பான். ஏஜென்டுக்குப் பக்கத்து சீட் கிடையாது. நாம் எழுதிக் கொடுத்ததைப் படிக்கும், மீதியை ஊகித்துக்கொள்ளும். அன்று அந்த நோட்டில் இருந்த பதினோரு குறிகளையும் அவர் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டு வந்தேன்.

அதற்குப் பிறகும் சறுக்கல்கள் இருந்தன. எங்கள் டெஸ்பாட்ச் டூல் தேதியை ஆண்டு-மாதம்-நாள் என்று கேட்கும். சரக்கு கொண்டுபோக ஜி.எஸ்.டி. போர்ட்டலில் போடும் இ-வே பில்லுக்கு நாள்/மாதம்/ஆண்டு. நான் இரண்டிலும் "தேதி" என்று மட்டும் போட்டிருந்ததால் ஜூன் 5 மே 6 ஆகிப் போனது. உதாரணம் சேர்த்தேன், ஆனால் 05/06/2025 என்றே சேர்த்தேன்; குழப்பம் அப்படியே இருந்தது. உதாரணத்தில் 12-க்கு மேற்பட்ட நாளையே போடுங்கள். 25/06/2025 என்றால் எது நாள், எது மாதம் என்று யாரும் தடுமாற மாட்டார்கள்.

எர்ரரையும் விளக்கமாகவே நினைத்து எழுத வேண்டும். "தவறான கோரிக்கை" என்று மட்டும் பதில் வந்தபோது, ஏஜென்ட் அதே தேதியை மூன்று தடவை அனுப்பிப் பார்த்தது. "தேதி நாள்/மாதம்/ஆண்டு வரிசையில் வேண்டும்" என்று எர்ரரிலேயே சொன்னதும் அடுத்த தடவையே சரியாக வந்தது.

ஏஜென்டை இயக்கும் ஏஐ மாடலுக்கு ஏற்கெனவே தெரிந்த விஷயமும் காலை வாரும். இ-வே பில்லுக்கு வரம்பு 50,000 ரூபாய் என்று அதற்குத் தெரியும். தமிழ்நாட்டுக்குள்ளேயே போகும் சரக்குக்கு 1 லட்சம் என்பதை நான் எழுதவில்லை. 72,000 ரூபாய் லோடுக்கும் பில் போட்டுக்கொண்டிருந்தது. போட்ட பில்லை 24 மணி நேரத்துக்குள்தான் ரத்து செய்ய முடியும் என்பதையும் இப்போது ரத்து டூலின் முதல் வரியிலேயே வைத்திருக்கிறேன்.

ரொம்பப் பயந்தது டைம்அவுட்டுக்கு, அதாவது நேரத்துக்குள் பதில் வராமல் போவதற்கு. லாரி புக் ஆகிவிட்டது, பதில் மட்டும் வரவில்லை. ஏஜென்ட் திரும்பவும் புக் செய்தது. கேட்டில் இரண்டு வண்டி. "பதில் வராவிட்டால் மறுபடி புக் செய்யாதே, முதலில் புக்கிங் நிலையைப் பார்" என்று விளக்கத்தில் எழுதினேன். அதோடு நிற்காமல், ஒரே ஆர்டர் எண் இரண்டாம் தடவை வந்தால் சர்வரே மறுக்கும்படியும் செய்தேன். இந்த டூல் எதையாவது அழிக்கவோ மாற்றிவிடவோ கூடும் என்று எச்சரிக்க எம்.சி.பி.யில் டெஸ்ட்ரக்டிவ்ஹின்ட் என்று ஒன்று இருக்கிறதே என்று அதை மட்டும் நம்பி விடாதீர்கள். அது வெறும் குறிப்பு, பூட்டு ஆகாது.

போன திங்கள் அந்த நான்கு ஆர்டரையும் திரும்பக் கொடுத்துப் பார்த்தேன். "ஸ்டேட்டஸ் 7: பார்ட்டியே வந்து எடுப்பார்கள், லாரி போடவில்லை. கேட் பக்கம் எடுத்து வைக்கச் சொல்லவா?" என்று கேட்டது. மனசு நிறைந்துவிட்டது. உடனே மாதவரத்துக்கு போன் போட்டுச் சொன்னேன்.

விளக்கங்களைத் தமிழில் பிரின்ட் எடுத்து சூப்பர்வைசர் அண்ணனுக்கு அனுப்பியிருந்தேன். நேற்று ராத்திரி கூப்பிட்டார். முழுசும் படித்திருக்கிறார். "எல்லாம் சரிம்மா. மழை நாள்ல ஒன்பதுக்கு வேற அர்த்தம், அதை எழுதலையே?"

வியாழக்கிழமை மறுபடி மாதவரம் போகிறேன். இந்தத் தடவை போன் பண்ணிக் கேட்டுவிட்டேன், இருப்பாராம்.